வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர்

எழுதத் துணிந்தமைக்காக முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கோருகிறேன். நான் ஈராக்கின் பஸ்ராவில் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிப்பவன். வினாத்தாள்கள், ஆய்வகக் குறிப்புகள், உடைந்த குடுவைகளுக்காகத் தலைமையாசிரியருக்கு ஒருமுறை எழுதிய விளக்கக் கடிதம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. ஒரு வீட்டு ஏசி பழுதானதைச் சொல்வதற்குக் கதை எதற்கு என்று தாங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் இதைச் சொல்ல வேண்டிய ஒருவரிடம் உரிய காலத்தில் நான் சொல்லவில்லை. ஆகவே காலம் கடந்து, முன்பின் அறியாத தங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

என் மனைவி ஷதாவுக்கு நரம்பு நோய் இருந்தது. நரம்புகளின் மேலுறை அங்கங்கே தேய்ந்துபோகும் நோய் அது. உடல் சூடேறினால் அவளுக்குக் கண் மங்கும். கால்கள் தம் வேலையை மறந்துவிடும். உடல் குளிர்ந்தால் இரண்டும் பெரும்பாலும் திரும்பி வரும். "ஊசி பாதி மருந்து, குளிர்ந்த அறை மீதி மருந்து" என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். பஸ்ராவின் ஆகஸ்ட் மாதத்தில் இதைக் கேட்பவர் என்ன உணர்வார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் தெருவைப் பாராத உள்ளறை ஒன்று உண்டு. அதைத்தான் மருந்தாக ஆக்கிக்கொண்டோம். சாளரத்தில் இரட்டைத் திரை, கதவின் அடியில் சுருட்டிய துண்டு, சுவரில் ஓர் ஏசி. அதன் வெளி யூனிட் மொட்டைமாடியில். அரசு மின்சாரம் நின்றால் தெரு ஜெனரேட்டரின் கம்பிக்கு மாற்றுவோம். அதில் எங்களுக்கு வரும் பங்கு அந்த ஓர் இயந்திரத்துக்கே போதுமானதாக இருந்ததால், அந்நேரம் குளிர்சாதனப் பெட்டி முதலான மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். அந்த அறையில் அமர்ந்துதான் ஷதா ஓர் அச்சகத்துக்குப் பிழைதிருத்தி வந்தாள். குளிர் இருக்கும்வரை அவள் கண்ணுக்கு ஒரு புள்ளியும் தப்பாது. நான் எழுதும் வினாத்தாள்களிலும் சிவப்பு மையால் வட்டமிடுவாள். "ஹாஸிம், அமிலத்தைப் பத்தி உனக்குத் தெரியும், ஒத்துக்கறேன். காற்புள்ளியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்பாள்.

மெக்கானிக் மைஸம் எங்கள் பேட்டையில் மூன்று தெருக்களுக்கும் ஒரே ஆள். இரண்டு கோடைகளுக்கு முன் அவர்தான் எனக்கு வெளி யூனிட்டைக் கழுவக் கற்றுக்கொடுத்தார்.

"வாத்தியாரே, இந்த ஊரு தூசி இதோட மூக்கை அடைச்சிடும். அடைச்சா திணறும், திணறினா சாகும். வாரம் ஒருதடவை கழுவுங்க. மெயினை அணைச்சிட்டு, மேலேருந்து கீழே, மெதுவா. தகட்டை மடக்கிடாதீங்க. பொண்டாட்டி தலை சீவுற மாதிரி" என்றார்.

எந்தத் தண்ணீரில் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர்; கடல் மேலேறி வருகிற கோடைகளில் அது உப்புத் தண்ணீர். துணி, தரை, கழிப்பறை எல்லாம் அதில்தான். வண்டியில் வந்து தொட்டியில் நிரப்பிப் போவது நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் தேநீருக்கும் அது. வசதியுள்ளவர்கள் குளித்து முடித்ததும் தலைக்கு ஒரு வாளி ஊற்றிக்கொள்வார்கள். மற்றபடி நல்ல தண்ணீரைக் கீழே சிந்துகிறவனை எங்கள் ஊர் ரொட்டியை மிதித்தவனைப் போலப் பார்க்கும்.

"உப்புத் தண்ணியில கழுவாதே" என்று ஷதாதான் முதலில் சொன்னாள். வேதியியல் படித்தவன் நான்; சொன்னவள் அவள். "குழாய்த் தண்ணி காஞ்சா ஓட்டுல வெள்ளையாப் படியுதே, அது அந்தச் செம்புக் குழாயைத் தின்னாதா? வாரம் ஒரு வாளி நல்ல தண்ணி எடுத்துக்கோ."

"வண்டி வர்ற வரைக்கும் தொட்டி தாங்காது, ஷதா."

"என் தலைக்கு ஊத்துற வாளி இருக்கில்ல? அதை எடுத்துக்கோ. நான் உப்புத் தண்ணியிலேயே அலசிக்கறேன். முடிதானே, போனா போகுது. கண்ணு இருந்தா போதும்."

முதல் வெள்ளிக்கிழமை நான் அந்த வாளியைச் சுமந்து மாடிக்குப் போனேன். மாடிச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு உம்மு ராஃபித் தம் மகள்களோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நல்ல மனம் படைத்தவர். குரல் மட்டும் நான்கு வீடுகளுக்குப் போதுமானது. நான் குவளையால் மொண்டு ஊற்றுவதைப் பார்த்தார். உப்பின் வெள்ளை படியாத வாளி விளிம்பையும் பார்த்தார். நல்ல தண்ணீர் எங்கள் ஊர்ப் பெண்களின் கண்ணுக்குத் தப்பாது.

"அடி பொண்ணுங்களா, இங்க வந்து பாருங்கடி! ஊர்ல புள்ளைங்க ஒரு கேன் தண்ணிக்கு வரிசையில நிக்குதுங்க, வாத்தியார் வீட்டு மெஷின் நல்ல தண்ணியில குளிக்குது! குளிச்சு முடிச்சதும் ஏலக்காய் போட்டு ஒரு டீயும் குடுத்துடுங்க, வாத்தியாரே!"

மகள்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எலுமிச்சம்பழம் வேணும்னா எங்க வீட்டுல இருக்கு, சார்" என்றாள்.

"மன்னிக்கணும், தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்" என்று நான் சொன்னேன். தெரியாமல் என்று ஏன் சொன்னேன் என்பதை இன்றளவும் என்னால் விளக்க இயலவில்லை. மீதித் தண்ணீரைக் கீழே எடுத்துச் சென்று, சுவரோடு சாய்த்துச் சத்தமின்றித் தொட்டியில் ஊற்றினேன். பிறகு மாடியிலிருந்த குழாயில் ரப்பர் ஹோஸைச் செருகி, உப்புத் தண்ணீரால் யூனிட்டை மேலிருந்து கீழாக மெதுவாகக் கழுவினேன். "இப்பத்தான் சரி!" என்றார் உம்மு ராஃபித்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வாளியை நிரப்பினேன். நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாளி நிரம்பும் சத்தம் ஷதாவின் அறைக்குக் கேட்கும். சிறிது நேரம் பொறுத்து அதை மறுபடி தொட்டியில் ஊற்றிவிட்டு மாடிக்குப் போனேன். இவ்வாறே இரண்டு கோடைகள். இருட்டிய பிறகு, யாரும் மாடியில் இல்லாதபோது நல்ல தண்ணீரால் கழுவியிருக்கலாம். இவ்வளவு எளிய யோசனை எனக்கு இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. உப்பு உலோகத்தை அரிப்பதைப் பற்றி அதே ஆண்டுகளில் நான்கு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். நீர்த்த உப்புதானே, வாரம் ஒருமுறைதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதையே ஒரு மாணவன் எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்த ஆகஸ்டின் இரண்டாம் வாரத்தில், ஒரு சனிக்கிழமைக் காலை, அறைக்குள் வந்த காற்றில் குளிர் குறைந்திருந்தது. நானே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். உள் யூனிட்டின் வடிகட்டிகளைக் கழற்றி அலசினேன். மாடிக்குப் போய், கெப்பாசிட்டரின் மின்சாரத்தை ஸ்க்ரூடிரைவரால் இறக்கிவிட்டுப் புதியது ஒன்றை மாட்டினேன். விசிறி நன்றாகச் சுழன்றது. ஆனால் மெல்லிய செம்புக் குழாயின் மேல் பனி பூத்திருந்தது. கேஸ் குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்று மைஸம் ஒருமுறை சொல்லியிருந்தார். சோப்பு நுரை கரைத்து, இணைப்புகளின் மேல் தூரிகையால் தடவினேன். இணைப்புகளில் ஒன்றுமில்லை. பின்பக்கம், தகடுகளுக்கு வெளியே குழாய் வளைந்து திரும்பும் ஓரிடத்தில், வெள்ளையாய் உப்புப் பூத்த மேட்டின் நடுவே, ஒரு குமிழி மெல்லப் பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று வந்தது.

மைஸமுக்குத் தொலைபேசினேன்.

"வாத்தியாரே, ஊரே பொரியுது. எனக்கு முன்னாடி முப்பது வீடு. கை ரெண்டுதான். நாளைக்கு வர்றேன்."

ஞாயிறன்று மறுபடி அழைத்தேன். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"அது நேத்தோட நாளைக்கு, என் கண்ணே. இது இன்னையோட நாளைக்கு."

நான் வற்புறுத்தவில்லை. வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அவர் முப்பது வீடுகளையும் தாண்டி வந்திருப்பார். பிறருக்கு முன்னால் புகுவது நாகரிகமாகாது என்று கருதினேன். அதற்குப் பதிலாக இரண்டு சிறு குழாய்களில் அடைத்து விற்கும் பசை ஒன்றை வாங்கி வந்தேன். சம அளவாகக் கலந்து தடவினால் இரும்பைப் போல இறுகும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. உப்பைச் சுரண்டினேன். அடியில் செம்பு பச்சையாய், ஊசியால் குத்திய தோலைப் போல இருந்தது. பசையைத் தடவி, இறுகும்வரை இயந்திரத்தை ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வைத்தேன்.

அந்த ஒரு நாள் கடல் காற்று வீசிற்று. ஈரமான காற்று அது. அதில் ஈரத்துணி உலராது, உலராத துணி உடலைக் குளிர்விக்காது. பனிக்கட்டிப் பாளம் வாங்கி வந்து தாம்பாளத்தில் வைத்து, அதன் பின்னால் விசிறியை வைத்தேன். திங்கட்கிழமை நண்பகலில், அச்சுப் படியைக் கையில் வைத்திருந்த ஷதா, "இந்தத் தாளை ஏன் மடிச்சுக் குடுத்திருக்காங்க?" என்றாள். தாள் மடிந்திருக்கவில்லை. அதன் இடப்பாதி அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை உம்மு ராஃபித் கேள்விப்பட்டு வந்தார். எதையும் கேட்காமல் ஷதாவின் கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டார். "எழுந்திரு பொண்ணே. எங்க வீட்டு மெஷின் கிழவன் மாதிரி இருமும், ஆனா குளுகுளுன்னு இருக்கும்" என்றார். ஒரே அறையில் அவர்கள் ஒன்பது பேர், அவளோடு பத்து. ஒரு நாள் அங்கே இருந்தாள். நடக்க முடியாமல் விழுந்தபோது, பெண்கள் அவளைத் தூக்கி உடுப்பைச் சரிசெய்வதற்காக, அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் எழுந்து வெயிலில் முற்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. செவ்வாயன்று மாலை, "என்னைக் கூட்டிட்டுப் போ, ஹாஸிம். அவங்க என் கூச்சத்துக்காக வெளியில வேகுறாங்க" என்றாள். நான் அழைத்து வந்தேன். பசை இறுகியிருந்தது, ஆனால் கேஸ் ஏற்கெனவே கசிந்து போயிருந்ததால் குளிர் வரவில்லை.

புதிய இயந்திரம் வாங்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எங்களிடம் இருந்தது முழுவதும் அவளுடைய ஊசிக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை மைஸம் கேஸ் உருளையைத் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறினார். என் பசையைப் பார்த்துச் சிரித்தார். "இது என்ன, பேரீச்சம்பழம் ஒட்டி வெச்சிருக்கீங்க?" அளவுமானியை இணைத்துக் கேஸ் ஏற்றினார். கீழே அறையில் குளிர் வந்தது. நான் ஓடிச் சென்று ஷதாவின் முகத்தைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் கண்களை மூடிக்கொண்டு, "ஆண்டவனுக்கு நன்றி" என்றாள்.

அரை மணி நேரம் சென்றது. மைஸம் மேலிருந்து அழைத்தார். அளவுமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நுரையைப் பின்பக்கம் முழுவதும் தெளித்திருந்தார். ஓரிடத்தில் இல்லை, வளைவு தவறாமல் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவர் அந்த வெள்ளைப் பூப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கீழே துப்பினார்.

அறைக்கு இறங்கி வந்து, ஷதாவின் முன்னால் என்னிடம் கேட்டார். "வாத்தியாரே, கோபப்படக் கூடாது. எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஷதா சொன்னாள். "நல்ல தண்ணியிலதான். வாரம் தவறாம ஒரு வாளி எடுத்துட்டுப் போவார். எனக்குத் தெரியும், சத்தம் கேட்கும்."

மைஸம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்போ கடல் காத்துதான் தின்னிருக்கும்" என்றார் அவர். நல்லவர். "சல்லடை ஆயிடுச்சும்மா. பழைய சாமான் கடையில இதே மாதிரிக் குழாய்ச் சட்டம் ஒண்ணு தேடிப் பார்க்கறேன். மூணு நாள் குடுங்க." வாசலில் என் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதுவரைக்கும் தொடாதீங்க. கேஸ்தான் கம்ப்ரெசருக்குக் குளிர்ச்சி. அது இல்லாம ஓட்டினா கருகிடும். கருகிடுச்சுன்னா என்னாலயும் முடியாது, எங்கப்பனாலயும் முடியாது."

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஷதாவின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நான் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தடவி, அது யாருடையது என்று கேட்டாள். அந்நேரத்தில் அரசு மின்சாரம் வந்தது. தெருவில் பிள்ளைகள் கூவும் சத்தம் கேட்டது. குழாய்களில் மிச்சமிருக்கும் கேஸ் பத்து நிமிடத்துக்காவது குளிர் தரும் என்று நான் கணக்கிட்டேன். பத்தே நிமிடம் என்று எண்ணிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

குளிர் வந்தது, குறைவுதான், ஆனால் வந்தது. அவள் மூச்சு சீரானது. பத்து நிமிடம் ஆயிற்று. "நிறுத்தாதே" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது. நான் நிறுத்தவில்லை. இருபத்தைந்தாம் நிமிடத்தில் மாடியிலிருந்து ஒரு முனகலும், பிறகு ஒரு தட்டலும் கேட்டன. வார்னிஷ் எரியும் நாற்றம் படிக்கட்டு வழியே இறங்கி வந்தது. அதன் பின் உள் விசிறி மட்டும் அறையின் சூட்டையே எடுத்து அறைக்கே ஊதிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் நான்கு நாள்கள் இருந்தோம். இம்முறை வெப்பம் மட்டும் காரணமில்லை, நோயே புதிதாகத் தாக்கியிருக்கிறது என்று மருத்துவர் கூறினார். வெப்பம் அதைத் தூண்டியதா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

ஷதாவின் அண்ணன் பாஸில் வடக்கே சுலைமானியாவில், மலையடிவாரத்தில் வசிக்கிறார். செய்தி கேட்டுப் பகலும் இரவுமாகக் கார் ஓட்டி வந்து சேர்ந்தார். என்னைத் தழுவிக்கொண்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மெஷின் நான் வாங்கிக் குடுத்துடுவேன், மச்சான். கரண்ட்டை யார் வாங்கிக் குடுக்கிறது? நல்ல தண்ணி? இந்தக் காத்து? அங்க ராத்திரியில ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கறோம். இவ இங்க இருக்க முடியாது" என்றார்.

"நானும்..." என்று தொடங்கினேன்.

"உங்க வேலை? அதை விட்டா ஊசிக்கு யாரு?"

அவர் சொன்னது சரி. நான் தலையசைத்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டுக்கு வந்து அவளுடைய துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அவள் கட்டிலில் அமர்ந்து, வலக்கண்ணருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். தலைத்துணி நழுவியிருந்தது. வகிட்டின் இருபுறமும் தோல் தெரிந்தது. அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: உம்மு ராஃபித்தின் பேச்சு, மகள்களின் சிரிப்பு, ரப்பர் ஹோஸ், மைஸம் கேட்டபோது தரையைப் பார்த்தது.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு வருஷமாவா?"

"ஆமாம்."

"அவங்க சிரிச்சதுக்காகவா?"

"ஆமாம்."

"அந்த வாளித் தண்ணியை என்ன செஞ்ச?"

"தொட்டியிலேயே ஊத்தினேன்."

மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள். "அப்போ அதை நாம குடிச்சிருக்கோம்."

"ஆமாம், ஷதா."

"சரி. வீணாகலை" என்றாள். பிறகு ஒரு சட்டையை என்னிடம் நீட்டினாள். "இது உன்னோடதா என்னோடதான்னு பாரு. எனக்குத் தெரியலை."

அது என்னுடையது. மறுநாள் விடிவதற்கு முன் அவர்கள் கிளம்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் நகரைத் தாண்டிவிட வேண்டும் என்றார் பாஸில். அவள் முன்னிருக்கையில் ஏறினாள். காரின் குளிர்காற்றை அவள் முகத்தின் பக்கம் நான் திருப்பி வைக்கும்முன் அவளே கையால் தடவித் திருப்பிக்கொண்டாள். உம்மு ராஃபித் வாசலில் நின்று அழுதுகொண்டே காரின் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார், போனவர்கள் திரும்பி வருவதற்காக. அது நல்ல தண்ணீர்.

இழப்பை இங்கே எழுதி முடித்துக்கொள்கிறேன். வெளி யூனிட் போயிற்று, அதனோடு கம்ப்ரெசரும். உள் யூனிட் பழுதில்லாமல் சுவரில் இருக்கிறது, பயனில்லை. ஷதாவின் இடக்கண் முழுமையாகப் போயிற்று. வலக்கண்ணால் பெரிய எழுத்துகளை மட்டும் படிக்கிறாள். அச்சகத்து வேலை போயிற்று. கைத்தடியில்லாத நடை போயிற்று. தலைமுடியில் ஏறக்குறைய பாதி போயிற்று. ஒரே வீட்டில் பதினோராண்டுகள் வாழ்ந்தோம். அது இந்த ஆகஸ்டோடு முடிந்தது. வியாழக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுகிறாள். ஊசியைப் பற்றியும் அங்கே அடிக்கும் காற்றைப் பற்றியும் சொல்கிறாள். என்னை வரச் சொல்வதில்லை.